புது கிளட்ச் பிளேட் போட்டும் மினி டிராக்டர் இழுக்கலையா? பணம் அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

கோடை மழை நன்றாகப் பெய்திருக்கிறது. தென்னந்தோப்பில் ஈரம் காய்வதற்குள் ஒரு உழவு ஓட்டியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து, சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்குப் பொள்ளாச்சி பக்கத்து ஊரிலிருந்து ஃபோன் வருகிறது.

"கண்ணு, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. பிளேட் போச்சுங்கிறாரு மெக்கானிக். பணம் போட்டு விடு."

"போன வருஷம்தானுங்கப்பா புது பிளேட் போட்டோம்?"

"அதுதான் தெரியல."

பழைய மினி டிராக்டர் நிற்கும் வீடுகளில் இது பழகிப்போன உரையாடல். பணம் போகும், பிளேட் மாறும், அடுத்த மழைக்கு அதே ஃபோன் மறுபடியும் வரும். மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. தேய்ந்த பாகம் மாற்றப்பட்டது, அது தேய்ந்ததற்கான காரணம் உள்ளேயே இருந்துவிட்டது. பெரும்பாலும் நடப்பது இதுதான்.

15 முதல் 25 குதிரைத்திறன் வரையுள்ள தோப்பு டிராக்டர்களில் எந்தப் பாகம் ஏன் தேய்கிறது, எதை எதோடு சேர்த்து மாற்ற வேண்டும், எங்கே செலவைக் குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது?

என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல என்ன இருக்கு?

என்ஜின் சுற்றும்போது அதன் பின்னால் உள்ள கனமான ஃப்ளைவீலும் சுற்றும். அதோடு ஒட்டி நிற்பது கிளட்ச் பிளேட். பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். அங்கிருந்து சக்தி கியர் பாக்ஸுக்குப் போகிறது. பிறகு கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் வழியாகப் பின் சக்கரத்தை அடைகிறது.

இன்னொரு கிளை வண்டியின் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பி.டி.ஓ. அதில் ஒரு ஷாஃப்டை மாட்டித்தான் ரொட்டவேட்டரை ஓட்டுகிறோம்.

சங்கிலி போன்ற அமைப்பு இது. ஒரு கண்ணி ஆட்டம் கண்டால், அந்த அதிர்ச்சியைப் பக்கத்துக் கண்ணி வாங்கிக்கொள்ளும். அதனால் முதலில் சத்தம் போடும் பாகமே முதலில் கெட்ட பாகமாக இருக்க வேண்டியதில்லை.

இழுக்கலைன்னா கிளட்ச்தான் போச்சா?

இல்லை. மூன்று வேறு கோளாறுகளை ஊரில் ஒரே வார்த்தையில் 'இழுக்கல' என்று சொல்லிவிடுவார்கள். கலப்பையை மண்ணில் இறக்கி ஓட்டும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

* என்ஜின் வேகம் இறங்கி, கரும்புகை வந்து திணறினால் பிரச்சினை என்ஜின் பக்கம். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வண்டிக்குப் பெரிய கலப்பையை மாட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகும்.
* என்ஜின் நன்றாக ஓடி, பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றால் டயர் வழுக்குகிறது. பட்டன் தேய்ந்த டயரோ, பின்பக்க எடைக் குறைவோ காரணம்.
* என்ஜின் சத்தம் மட்டும் ஏறி, சக்கரம் மெதுவாகச் சுற்றினாலோ நின்றுவிட்டாலோ கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடையும் சேர்ந்து வரும்.

மூன்றாவது வகை என்றாலும் உடனே வண்டியைப் பிரிக்கத் தேவையில்லை. முதலில் கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கொஞ்ச தூரம் லேசாக இறங்கி, அதன் பிறகுதான் கனம் தெரிய வேண்டும். இந்த 'ஃப்ரீ பிளே' எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அது துளியும் இல்லை என்றால், ரிலீஸ் பேரிங் எந்நேரமும் பிரஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று பொருள். நல்ல பிளேட்கூட அப்போது வழுக்கும். லிங்க் ராடில் நட்டைத் திருகிச் சரிசெய்துவிடலாம். ஸ்பேனர் இருந்தால் போதும், வண்டியைப் பிரிக்க வேண்டாம்.

புது பிளேட் ஒரே வருஷத்துல ஏன் போகுது?

முதல் காரணம் ஓட்டும் பழக்கம். உழும்போது கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்திருந்தால் பிளேட் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே தேயும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாது. கிளட்ச் உலர்ந்தே இருக்க வேண்டிய இடம். அதன் முன்னால் என்ஜின் ஆயில், பின்னால் கியர் ஆயில். இரண்டையும் தடுத்து நிறுத்துவது இரண்டு ரப்பர் ஆயில் சீல்கள். இதில் ஒன்று கசிந்தால் லைனிங்கில் எண்ணெய் ஏறிவிடும். எண்ணெய் ஏறிய லைனிங்கைக் கழுவிப் போட்டாலும் பழைய பிடி வராது.

இதை வண்டியைப் பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பல மாடல்களில் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும். கசியும் எண்ணெய் வெளியே போவதற்காக வைத்தது அது. பல தோப்பு வண்டிகளில் சேறு அதை அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்திவிட்டு, அடியில் அட்டை ஒன்றை வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அட்டையில் எண்ணெய் இருந்தால் சீல் போயிருக்கிறது. கறுப்பாக, மெல்லியதாக இருந்தால் என்ஜின் பக்கத்து சீல். கெட்டியாக, காட்டமான வாடையோடு இருந்தால் கியர் பாக்ஸ் பக்கத்து சீல்.

சீல் ஏன் போனது என்ற கேள்வியையும் விடக் கூடாது. கியர் பாக்ஸ் மேலே காற்றுப் போக ஒரு ப்ரீதர் இருக்கும். அது தூசியால் அடைத்தால், சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். அதைச் சுத்தம் செய்ய ஒரு பைசா செலவில்லை.

இன்னொரு காரணம் பைலட் பேரிங். கியர் பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்டின் நுனியை ஃப்ளைவீல் நடுவில் தாங்குவது இந்தச் சின்ன பேரிங். இது தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும், ஆடும் ஷாஃப்ட் சீலைத் தின்னும், சீல் கசிந்தால் பிளேட் போகும். சின்ன பேரிங்கை விட்டுவிட்டுப் பெரிய பிளேட்டை மட்டும் வருஷா வருஷம் மாற்றுவது இப்படித்தான் நடக்கிறது.

சேர்த்து மாத்த வேண்டியது என்னென்ன?

கிளட்சைத் தொட வேண்டுமென்றால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிளேட் மட்டும் மாற்றினாலும், எல்லாம் மாற்றினாலும் அந்தக் கூலி ஒன்றுதான். அதனால் ஒருமுறை பிரித்தால் இவற்றையும் பார்த்துவிடுவது நல்லது:

* ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இரண்டு பக்கத்து ஆயில் சீல். பழசு 'நல்லாத்தான் இருக்கு' என்று தோன்றினாலும் புதுசு போடுவதே லாபம்.
* ஃப்ளைவீல் முகப்பு. நீலப் புள்ளிகளும் மெல்லிய விரிசலும் இருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. கோடு விழுந்திருந்தால் லேத்தில் லேசாகச் சீவலாம். எவ்வளவு சீவலாம் என்பதற்கு எல்லை உண்டு, ஆழமான விரிசல் என்றால் மாற்றத்தான் வேண்டும்.
* பிரஷர் பிளேட்டின் விரல்கள். எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் வண்டி உதறி உதறிக் கிளம்பும்.
* ஷாஃப்டின் ஸ்பிளைன் பற்கள். புது பிளேட் அதில் தடையில்லாமல் முன்பின் நகர வேண்டும்.

ஹவுசிங்கில் படிந்த தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ சுத்தம் செய்யக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத் துணியால் துடைப்பதே சரி.

வண்டியைப் பிரிக்கும் முன் முன் ஆக்ஸிலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரு பக்கமும் மரக்கட்டை ஆப்பு வைக்க வேண்டும். முன் ஆக்ஸில் நடுவில் ஒரு பின்னில் ஆடும்படி அமைந்தது. ஆப்பு இல்லாவிட்டால், பிரிந்த நொடியில் என்ஜின் பக்கம் சாய்ந்துவிடும். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ தாங்கலாக இருக்க வேண்டும்.

ரொட்டவேட்டர் ஷாஃப்ட்ல கிராஸ் அடிக்கடி ஏன் உடையுது?

பி.டி.ஓ. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் பிளஸ் வடிவில் ஒரு பாகம் இருக்கும். பட்டறையில் 'கிராஸ்' என்பார்கள். ஷாஃப்ட் சாய்ந்திருந்தாலும் சுற்றுவதற்கு வழிசெய்வது இதுதான்.

இதில் ஒரு சிக்கல். சாய்ந்து நிற்கும் ஒரு கிராஸ், வரும் வேகத்தை அப்படியே கடத்தாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. ஷாஃப்ட் 30 டிகிரி சாய்ந்தால், மறுமுனையில் வேகம் சுமார் 470-க்கும் 620-க்கும் நடுவே ஊசலாடும், அதுவும் நொடிக்கு 18 முறை.

இரண்டு முனையிலும் கிராஸ் இருப்பது இதைச் சமன்செய்யத்தான். முதல் கிராஸ் கெடுப்பதை இரண்டாவது சரிசெய்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை உண்டு. இரண்டு முனையிலும் சாய்வு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். நடு ஷாஃப்டின் இரண்டு முனையில் உள்ள கவைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சதுரக் குழாய் ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது 90 டிகிரி திருப்பிப் போட்டுவிட்டால் சமன் ஆவதற்குப் பதில் அதிர்வு கூடிவிடும். கிராஸ் மாற்றிய கொஞ்ச நாளிலேயே மறுபடியும் உடைந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

வரப்பில் திருப்பும்போது ரொட்டவேட்டரை மேலே தூக்கியபடியே பி.டி.ஓ.வை ஓடவிடுவதும் இதே கேட்டைச் செய்யும். தூக்கும் முன் நிறுத்துங்கள்.

கிராஸில் கிரீஸ் ஏறும் நிப்பிள் ஒன்று இருக்கும். பொதுவாக ஒரு நாள் ஓட்டத்துக்கு, அதாவது 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். கழற்றிப் பார்க்கும்போது கிராஸின் காலில் ஊசி ஊசியாகப் பள்ளம் விழுந்திருந்தால் அளவுக்கு மீறிய சுமையோ, கிரீஸ் சரியாக ஏறாததோ காரணமாக இருக்கலாம்.

புது கிராஸின் கப் கவையின் துளையில் இறுக்கமாக உட்கார வேண்டும். கையால் தள்ளினாலே உள்ளே போனால், துளை தேய்ந்து பெரிதாகிவிட்டது. அங்கே பொட்டு வெல்டிங் வைத்து ஓட்டுவது பரவலான வழக்கம். ஆனால் அந்தச் சூட்டில் உள்ளே உள்ள ஊசி பேரிங் கெடும், வெல்டிங் விட்டுப்போனால் சுற்றும் ஷாஃப்ட் கழன்று அடிக்கும். கவையைத்தான் மாற்ற வேண்டும்.

உடையிற போல்ட்டுக்கு ஸ்ட்ராங்கான போல்ட் போட்டா என்ன?

ரொட்டவேட்டர் கல்லிலோ தென்னை வேரிலோ மோதும்போது 'டக்'கென்று அறுந்துபோக ஒரு ஷியர் போல்ட் வைத்திருப்பார்கள். அது அறுவதற்காகவே வைத்த போல்ட், வீட்டு ஃபியூஸ் மாதிரி.

போல்ட் தலையில் 8.8 என்று இருந்தால் அது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 800 நியூட்டன் இழுவிசை தாங்கும். 12.9 என்றால் சுமார் 1,200. 'அடிக்கடி உடையுது' என்று 12.9-ஐப் போட்டால் போல்ட் தப்பிக்கும். அந்த அடியை ரொட்டவேட்டர் கியரோ, கிராஸோ, டிராக்டரின் கியர் பாக்ஸோ வாங்கிக்கொள்ளும். கையேடு சொல்லும் ரகத்தில் நான்கைந்து போல்ட் வாங்கி டூல் பாக்ஸில் போட்டுவைப்பது அதைவிட மலிவு.

கியர் பாக்ஸைத் திறக்காம நிலைமை தெரியுமா?

ஓரளவு தெரியும். அடியில் உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றி ஆயிலைப் பாருங்கள்.

* மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சேற்றுழவுக்குப் போன வண்டிகளில் இது சகஜம். முழுவதும் மாற்றி, தண்ணீர் புகும் சீலையும் கண்டுபிடிக்க வேண்டும்.
* பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் மை மாதிரி நைசான இரும்புத் தூள் ஒட்டியிருப்பது இயல்பு.
* நகத்தில் கிள்ளி எடுக்கும் அளவுக்குத் துண்டு கிடைத்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அதற்குமேல் வண்டியை ஓட்டக் கூடாது.

கியர் தானாக நழுவினால் ஷிஃப்டர் ஃபோர்க்கோ, லாக் ஸ்பிரிங்கோ, கியரின் பல் ஓரமோ தேய்ந்திருக்கும். ஸ்பிரிங் சின்னச் செலவு, அதிலிருந்து தொடங்கலாம்.

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்று ஓட்டிப் பார்த்துச் சேர்த்த ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் சத்தம் போடும், சீக்கிரம் தேயும். கழற்றும்போது இடையில் வரும் மெல்லிய ஷிம் தகடுகள் எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்று ஃபோனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பற்களின் இடைவெளியை முடிவு செய்வதே அந்தத் தகடுகள்தான்.

பழைய மாடல், பார்ட்ஸ் கிடைக்கலைன்னா?

பேரிங்கும் ஆயில் சீலும் டிராக்டர் கம்பெனிப் பெயரில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. அவை உலகம் முழுக்க ஒரே அளவு முறையில் வருபவை.

பேரிங் விளிம்பில் 6205 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்குங்கள். உள்துளை 25 மில்லிமீட்டர். 6206 என்றால் 30. எண்ணுக்குப் பிறகு சி3 என்று இருந்தால் உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி உள்ள ரகம், சூடாகும் இடத்துக்கானது. அதே சி3-ஐத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆயில் சீலில் 35, 52, 7 என்று மூன்று எண் இருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால், கோவையிலோ சென்னையிலோ உள்ள பேரிங் கடையில் நீங்களே வாங்கி பஸ்ஸில் போட்டுவிடலாம். போலிச் சரக்கும் புழங்குவதால் பில் தரும் கடையில் வாங்குவது நல்லது.

பெடல், லிங்க், லீவர் போன்ற இடங்களில் தேய்ந்த புஷ்ஷை லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்து கொடுப்பார்கள். பின் துளை பெரிதாகியிருந்தால் வெல்டிங் வைத்து நிரப்பிப் புதிதாகத் துளை போடலாம். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தால் மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம். இடம் இருந்தால் சீலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தாலே போதும். கியர் பல், ஸ்பிளைன் ஷாஃப்ட், கவை ஆகியவற்றில் மட்டும் வெல்டிங் வேண்டாம். அவை சூட்டுப் பதம் கொடுத்து உறுதியாக்கியவை. வெல்டிங் சூடு அந்தப் பதத்தையே எடுத்துவிடும்.

எதுல மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது?

பி.டி.ஓ. ஷாஃப்டின் மேல் உள்ள பிளாஸ்டிக் கவரில். பழைய வண்டிகளில் முதலில் காணாமல் போவது இதுதான். 'அது இல்லாமலே ஓடுதே' என்று யாரும் திரும்ப வாங்குவதில்லை.

540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. சுற்றிய துணியோடு சேர்த்து ஷாஃப்ட் 10 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்தால், ஒரு நொடியில் இரண்டே முக்கால் மீட்டர் துணியை உள்ளே இழுக்கும். ஒரு நாலு முழ வேட்டி அதைவிடக் குறைவு. வேட்டி நுனியோ, துண்டோ, சேலைத் தலைப்போ மாட்டினால் கிளட்சை மிதிக்கச் சொல்லிக் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்து, ஷாஃப்ட் முழுதாக நின்ற பிறகே கிட்டே போக வேண்டும். கிராஸ் வாங்கும்போது கவருக்கும் சேர்த்துப் பணம் அனுப்புங்கள்.

ரிப்பேரா, வேற வண்டியா?

ஹவுசிங்கில் விரிசல், கிரவுன் பினியன் செட்டும் கிடைக்காத மாடல், என்ஜினும் ஆயில் குடிக்கிறது என்று மூன்றும் சேர்ந்தால் அந்த வண்டியில் பணம் போடுவது வீண். கிளட்ச், சீல், பேரிங், கிராஸ் மட்டும்தான் என்றால், காரணத்தோடு சேர்த்துச் சரிசெய்த வண்டி இன்னும் பல வருஷம் தோப்பில் ஓடும்.

இந்த மழை ஈரம் போய்விடுமே என்ற அவசரத்தில்தான் அரைகுறை ரிப்பேர் நடக்கிறது. இந்த ஒரு உழவை வாடகை வண்டியில் முடித்துக்கொள்ளலாம். வேளாண் பொறியியல் துறையின் டிராக்டர்களை உழவன் செயலியில் வாடகைக்குப் பதிவு செய்யவும் வழி உண்டு. நம் வண்டியை நிதானமாகப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைக்கும்.

சென்னையில் இருந்தபடி அப்பாவிடம் கேட்க வேண்டியது மூன்று வீடியோ. பெடலைக் கையால் அழுத்துவது ஒன்று, மண்ணில் கலப்பை இறங்கும்போது புகையும் சத்தமும் ஒன்று, கிளட்ச் ஹவுசிங் ஓட்டைக்கு அடியில் வைத்த அட்டையின் காலை நேரத்து நிலை ஒன்று. அட்டை நனைந்திருந்தால் மெக்கானிக்கிடம் பேச வேண்டிய வரி இதுதான்: "அண்ணே, பிளேட்டோட சீலு, பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் எல்லாம் சேத்து எவ்வளவு ஆகும்? ப்ரீதரையும் ஒருக்கா பாத்துருங்க."

பில் கொஞ்சம் கூடத்தான் வரும். அடுத்த கோடை மழைக்கு அதே ஃபோன் வராது.